கசெட்டின் கடைசியில் ஒரு பாட்டு

கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் ஃபாரூக்கின் ஹார்ட்வெயார் கடைக்குள் போனால் முதலில் பெயின்ட் வாசம்தான் வரும், அதற்குப் பிறகுதான் ஆள் தெரிவான். அன்றைக்கும் அப்படித்தான். பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவே கதிரையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் போனைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் கடையில் வேறு யாரும் இல்லை.

வாசித்து முடித்துப் போனைத் திருப்பித் தந்தான். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விக்காத சாமானைத் தொடச்சுத் திரும்ப ஷோகேஸ்ல வெக்கிற பழக்கம் எனக்கில்ல மச்சான். நான் கையெழுத்து வெக்க மாட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து போய் ஆணிப் பெட்டியைச் சரி செய்ய ஆரம்பித்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆணிப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். வயசுக்கு மரியாதை கொடுத்துச் சும்மா இருந்தேன். என் வயசைத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு ஃபாரூக்கைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலத்தில் கண்டியில் ரொக் பாண்ட் வைத்திருந்தோம். ஃபாரூக் பாடுவான், கிட்டாரும் அடிப்பான். நான் பேஸ் கிட்டார். டிரம்ஸுக்கு சுனில், லீட் கிட்டாருக்கு ட்ரெவர். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டோம். அது போணியாகவில்லை. பாண்டும் கலைந்துவிட்டது.

போனில் இருந்தது லண்டனில் இருந்து கவின் என்ற இளைஞர் அனுப்பிய செய்தி. பழைய, மறந்துபோன இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வெளியிடுகிற சின்னக் கம்பனி ஒன்றில் அவர் வேலை செய்கிறார். எங்கள் தட்டை எங்கேயோ ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்திருக்கிறார். அதை மறுபடியும் வெளியிட வேண்டுமாம். நான்கு பேரும் சம்மதித்தால் போதும். சுனில் இத்தாலியிலிருந்து சம்மதம் சொல்லிவிட்டான். ட்ரெவர் ஆஸ்திரேலியாவிலிருந்து சொல்லிவிட்டான். நானோ செய்தியை முழுதாக வாசிக்கும் முன்பே சரி என்று எழுதிவிட்டேன். பாக்கி இருந்தது ஃபாரூக் ஒருவன்தான்.

அவனைக் குத்தியது செய்தியின் கடைசிப் பகுதி. தட்டை வெளியிட்ட பழைய கம்பனிக்காரர்களைக் கவின் விசாரித்திருக்கிறார். ஏதோ கொஞ்சம் அடித்தோம், அதிலும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது, விற்பனை என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். கவினுக்கு அது குறையாகவே தெரியவில்லை. அதைத்தான் அவர் விளம்பரமாக்கப் போகிறார்: 'யாருமே கேட்காத ஆல்பம்.'

வெளிநாட்டில் அப்படிச் சொன்னால்தான் ஆட்கள் வாங்குவார்களாம். திகனயில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற ஒருவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

டஸ்ட் வன்

தேயிலையைச் சலிக்கும்போது கடைசியில் விழுகிற தூளுக்கு டஸ்ட் வன் என்று ஒரு தரப்பெயர் உண்டு. அதுதான் எங்கள் பாண்டின் பெயர். ட்ரெவர் வைத்தான். நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போக, நமக்கு மிஞ்சுவது தூள்தானே என்பான். சாயம் இறங்குவதும் தூளில்தான் என்று சுனில் சொல்வான்.

முதலில் ஹோட்டல்களிலும் கிளப் டான்ஸ்களிலும் இங்கிலீஷ் பாட்டுகள்தான் அடித்தோம். தோள் வரைக்கும் தலைமயிர், பெல்பொட்டம் களிசான், எல்லா ஆட்டமும் ஆடினோம். பிறகு ஒரு நாள் ஃபாரூக் தமிழில் ஒரு பாட்டோடு வந்தான். அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் பயிற்சி முடிந்து போகும்போது திகன பஸ்ஸைத் தவறவிட்டு, கொட்டுகிற மழையில் பாதி தூரம் நடந்தே போயிருக்கிறான். அந்த எரிச்சலில் எழுதியது. அவன் பேச்சுத் தமிழ் வேறு, என் பேச்சுத் தமிழ் வேறு; நான் சொல்லு, இருக்கு என்பதை அவன் செல்லு, ஈக்கு என்பான். இரண்டு பேரும் உட்கார்ந்து இழுத்துப் பறித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தோம்.

கடைசி பஸ்ஸும் போயிருச்சு,
கையில குடையும் இல்ல,
நடந்தா வீடு தூரமில்ல,
நனைஞ்சா ஒண்ணும் இல்ல.

முதல் வரி 'திகன பஸ்ஸும் போயிருச்சு' என்றுதான் இருந்தது. கொழும்பில் ஒலிப்பதிவுக்குப் போனபோது கம்பனியில் இருந்த பெரியவர் ஒருவர், திகன எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் தம்பி, ஊர்ப் பெயரை எடுங்கள், அப்போதுதான் எல்லா இடத்திலும் விற்கும் என்றார். எடுத்தோம். எல்லா இடத்திலும் விற்காமல் போனது.

தட்டு வெளிவந்து கொஞ்ச காலம் கழித்து ஃபாரூக் கண்டியில் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். விற்பனைக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்த எங்கள் தட்டுகளை மேசை விசிறிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். விசிறி நன்றாகச் சுற்றியது என்று வந்து சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தக் கிழமையே கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வாப்பாவின் கடையில் போய் உட்கார்ந்தான். ஆட்கள் வாங்கவில்லை என்றால் ஆட்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றான்.

அதற்குப் பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை. என் கல்யாணத்தில் கெஞ்சிப் பார்த்தோம், பாடவில்லை. குளிக்கும்போதுகூட மூச்சு விடுவதில்லை என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பாண்ட் வேலை, கிளப், பெல்பொட்டம் எல்லாம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் குரல் போனதுதான் இன்றைக்கு வரைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

நானும் மாநகர சபை வேலையில் சேர்ந்து, கதிரை தேய உட்கார்ந்து, பென்ஷனும் வாங்கிவிட்டேன். அலுமாரிக்குள் எங்கள் தட்டு ஒன்று மட்டும் இருக்கிறது. என் மனைவி ஒரு தடவை பொறுமையாக உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதில் நீங்க அடிச்சது எது என்று கேட்டாள். பேஸ் கிட்டார்க்காரன் தலையெழுத்து அது.

கடுகண்ணாவை மெக்கானிக்

ஃபாரூக் மறுத்த சில நாட்களுக்குப் பிறகு என் பழைய கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதித்து நின்றது. அது வழக்கமாக நடப்பதுதான். பக்கத்தில் ஒரு கராஜ். ரவி என்று ஒரு மெக்கானிக், நாற்பது வயசிருக்கும். பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். என் மனைவி கடைக்குப் போய் மீன் வைத்த மாலு பாண் வாங்கி வந்தாள். நான் மதில்மேல் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பொனட்டுக்குள் இருந்து சத்தம் வந்தது. கடைசி பஸ்ஸும் போயிருச்சு, கையில குடையும் இல்ல.

மாலு பாணை மதிலிலேயே வைத்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். நனைஞ்சா ஒண்ணும் இல்ல என்று முடித்துவிட்டு, திரும்பவும் கடைசி பஸ்ஸிலிருந்தே ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து.

அதற்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டேன். அவ்வளவுதான் பாட்டு என்றார். இன்னும் இரண்டு சரணம் இருக்கிறது தம்பி என்றேன். இல்லை சேர், இது பழைய படப்பாட்டு, சின்னப் பாட்டு என்று எனக்கு விளக்கம் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, கதாநாயகனின் பெயரைக்கூடச் சொன்னார். மழையில் நனைந்துகொண்டு பாடுவாராம். பார்த்தது மாதிரியே ஞாபகமாம்.

"தம்பி, இது எங்க பாட்டு. இதுல பேஸ் கிட்டார் வாசிச்சது நான்தான்."

ரவி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். இந்த ஆளுக்கு வெயில் கூடாது, உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. என் மனைவி ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அவளுக்கு அவ்வளவு சிரிப்பு.

பாட்டு எங்கே கேட்டீர்கள் என்று பிறகு பதமாகக் கேட்டேன். அப்பாவின் கசெட்டில் என்றார். ஒரு படத்தின் பாட்டுகளைக் கண்டியில் ரெக்கோட் பண்ணிக்கொண்டு வந்த கசெட்டாம். அதில் கடைசியாக இருந்த பாட்டாம் இது. நனைஞ்சா ஒண்ணும் இல்ல என்றதும் டக்கென்று கசெட் நின்றுவிடுமாம்.

ரேடியேட்டர் சரியாகும் வரைக்கும் எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

நாடா சும்மா போகக்கூடாது

இப்போதைய பிள்ளைகளுக்கு ரெக்கோடிங் பார் என்றால் என்னவென்று தெரியாது. கசெட் காலத்தில் கண்டியில் தெருவுக்கு ஒன்றிரண்டு இருந்தன. இசைத்தட்டு வாங்க வசதியில்லாதவர்கள், அதாவது ஏறக்குறைய எல்லோரும், வெறும் கசெட் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். இன்ன படம், இன்ன பாட்டு என்று சொன்னால் தட்டிலிருந்து கசெட்டுக்கு ஏற்றிக் கொடுப்பார்கள். ஒரு தட்டு கடைக்கு வந்தால் அதிலிருந்து ஊர் முழுக்கக் கசெட் போகும். தட்டுப் போட்ட கம்பனி அதை ஒரு விற்பனை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்த வேலை செய்த மணியத்தை எனக்குத் தெரியும். கொழும்பு வீதியில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் நின்றவர். இப்போது வத்தேகமயில் போனுக்குக் காசு ஏற்றிக் கொடுக்கிற ரீலோட் கடை வைத்திருக்கிறார். தேடிப் போனேன். தலைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு, அன்றைக்கு இருந்த அதே பந்தாவோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அவர் சொன்னது இது. ஒரு படத்துப் பாட்டுகளை ஒரு பக்கம் ஏற்றினால் கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். அதை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விஷயம். முழு நாடாவுக்கும் காசு கொடுத்திருக்கிறேன், மிச்சத்தைச் சும்மா சுத்த விட்டிருக்கிறாய் என்று கசெட்டைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். அதனால் மிஞ்சுகிற இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்ப வேண்டும்.

"அதுக்கு உங்க பாட்டு மாதிரி வசதியான பாட்டு கெடையாதுங்க அண்ணே. எடுத்த எடுப்புல வாய்ப்பாட்டுதான், மியூசிக் இழுவை இல்ல. காதலும் இல்ல, கெட்ட வார்த்தையும் இல்ல. சாமிப் பாட்டுக்குப் பின்னாலயும் போடலாம், சினிமாவுக்குப் பின்னாலயும் போடலாம். நான் போடாத கசெட் இல்ல."

விற்காமல் கிடந்த எங்கள் தட்டு கையெட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறது, அதுவும் ஒரு வசதி. பிறகு அந்தப் பாட்டைத் தனியாக ஒரு கசெட்டில் ஏற்றி, வத்தேகம, கம்பளை, கடுகண்ணாவைப் பக்கம் ரெக்கோடிங் பார் வைத்திருந்த கூட்டாளிகளுக்கும் கொடுத்திருக்கிறார். அவர்களும் நிரப்பியிருக்கிறார்கள். உறையில் படத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள், நிரப்பிய பாட்டின் பெயரை யார் எழுதப் போகிறார்கள். ஊர்ப் பெயரும் பாட்டில் இல்லை. அதனால் கேட்டவர்கள் எல்லோரும் அதையும் அந்தப் படத்துப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

நான் எங்கள் தெருவிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்தேன். தையல்காரர், மருந்துக் கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. பைத்தியம் முற்றிவிட்டது என்றாள் மனைவி. உண்மையைச் சொன்னால் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தினார்கள். ஒருவருக்கு இரண்டு வரிதான் தெரியும். இன்னொருவருக்கு இரண்டாம் சரணத்தில் ஒரு வரி வரைக்கும் தெரியும். அவரவர் கசெட்டில் எவ்வளவு நாடா மிஞ்சியதோ அவ்வளவுதான் அவரவருக்குப் பாட்டு. எல்லோரும் ஒரே கசெட்டைக் கேட்டிருந்தால் ஒரே இடத்தில் அல்லவா நிறுத்துவார்கள்? கம்பனிக்காரர்கள் சொன்ன விற்பனையை வைத்து எங்கள் பாட்டு போன தூரத்தை அளக்கவே முடியாது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட வராத சந்தோஷம் வந்தது.

கறிவேப்பிலை

நேரே திகனக்குப் போனேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ஃபாரூக் ஒரு ஆளுக்குப் பூட்டு காட்டிக்கொண்டே கேட்டான். ஆள் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"மரக்கறிக் கடையில கத்தரிக்கா வாங்குற ஆளுக்குக் கறிவேப்பிலையைச் சும்மா வெச்சுக் குடுப்பாங்க. அதுக்காகக் கறிவேப்பிலை வித்துப் போச்சுன்னு செல்ல ஏலுமா? நம்மட பாட்டை யாரும் கேட்டு வாங்கல்ல தேவா. சும்மா வந்திச்சு, கேட்டாங்க. வராட்டித் தேடியும் ஈக்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அமைதியாக, இரும்பு விலை சொல்கிற மாதிரிச் சொன்னான். எத்தனையோ வருஷமாக இதைத்தான் அவன் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் பாட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பது அவனுக்கு ஒரு கணக்கு மாதிரித் தீர்ந்துபோன விஷயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயின்ட் வாசம் கண்ணை எரிக்கிறது என்று சொல்லி வெளியே வந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவனும் வெளியே வந்தான். அந்த மணியம் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டான். என் பாட்டை வெட்டி வெட்டி விற்றவனை ஒரு தரம் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இரண்டு பேரும் மெனிக்ஹின்ன வழியாக வத்தேகமக்குப் போனோம். கார் அன்றைக்குக் கொதிக்கவில்லை.

வத்தேகமயில்

சந்தை நாள் கூட்டம் இன்னும் கலையவில்லை. மணியம் எங்களுக்குக் கதிரை போட்டு, ஃபாரூக்கை அண்ணன் முறை வைத்து நாநா நாநா என்று உபசரித்தார். நாலு வார்த்தை கேட்க வந்தவன் பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கறிவேப்பிலைக் கதையை மட்டும் அவரிடமும் சொன்னான்.

மணியத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இருங்கள், கடைக்கு வருகிற ஆட்களிடமே கேட்போம் என்றார். ஒரு இளைஞன் டேட்டா போட வந்தான். மணியம் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே எங்கள் பாட்டைப் பாடிக் காட்டினார். மணியம் பாடினால் எந்தப் பாட்டும் ஒரே பாட்டுத்தான். இளைஞன் பயந்துபோய் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். அடுத்து ஒரு ஆசிரியர் வந்தார். கேள்விப்பட்டதே இல்லை என்றார். அடுத்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ஆள் போகும்போதும் ஃபாரூக் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பார்த்தாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

போவோம் என்று அவன் எழுந்தபோதுதான் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயசுக்கு மேலே இருக்கும். சந்தையில் மரக்கறி விற்பவர், தோளில் வெறும் சாக்கு. செல்வி அக்கா, ரீலோடா என்று கேட்டுவிட்டு மணியம் நம்பிக்கை இல்லாமலே முதல் வரியை இழுத்தார்.

அந்த அம்மா போன் நம்பரைச் சொல்லிக்கொண்டே இரண்டாம் வரியை எடுத்தார். வேண்டுமென்று பாடியது மாதிரி இல்லை, பழக்கத்தில் வந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்துக்குப் போனார்.

பாலத்து மேல தண்ணி ஓடுது,
பயந்து நிக்கவில்ல,
காலை வச்சேன், கல்லு வழுக்குது...

அங்கே நிறுத்திவிட்டார். மணியத்திடம் எவ்வளவுக்கு ரீலோட் என்பதையும் சொன்னார்.

ஃபாரூக் கதவுப் பக்கம் போனவன் திரும்பி வந்தான்.

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு இல்லைங்க ஐயா," என்றார் அந்த அம்மா. "எங்க அண்ணன் ஒரு அம்மன் பாட்டு கசெட் வச்சிருந்திச்சு. வெள்ளிக்கெழமை போடுவோம். கடைசில இந்தப் பாட்டு வரும். கல்லு வழுக்குதுன்னதும் நின்னுபோயிரும். எங்க தங்கச்சி சின்னப் புள்ள, அந்தாளு விழுந்துட்டாரான்னு ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அழுவா."

அண்ணன் மிச்சப் பாட்டைத் தேடி, அந்தக் கசெட்டின் உறையில் போட்டிருந்த கடைக்கே போனாராம். கண்டியில் வேறு இரண்டு மூன்று கடைகளிலும் கேட்டாராம். அம்மன் பாட்டில் மழை வருகிற பாட்டு என்று கேட்டதால் யாருக்கும் என்னவென்று விளங்கவில்லையாம். புதுப்புது அம்மன் பாட்டு கசெட்டாகக் கொண்டுவந்து தங்கச்சிக்குக் கொடுத்தாராம். ஒன்றிலும் அந்த மனுசன் இல்லையாம்.

மணியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் ஃபாரூக்கைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பயம்.

"நீங்க கேட்டுப் போனீங்களா?" என்றான். "காசு குடுத்து வாங்கத்தான் போனீங்களா?"

"வாங்கத்தான் போனிச்சு. கெடைக்கல."

ஃபாரூக் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டான். தொண்டையைக் கனைத்தான். வெளியே ஒரு லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, ஆட்கள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளே அவன் ஆரம்பித்தான். குரல் இரும்புத் தூள் விழுந்த மாதிரிக் கரகரத்தது. மேல் சுருதிக்கு ஏறவில்லை, கீழேயே பிடித்துக்கொண்டான்.

காலை வச்சேன், கல்லு வழுக்குது,
கையில பிடியும் இல்ல.

ஒரு மூச்சு விட்டான். கடைசிச் சரணத்தை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினான்.

வாசல் லைட்டு அணையவில்ல,
வச்ச சோறும் ஆறவில்ல,
வழியைப் பாத்து இருந்தவ
வாயைத் திறக்கவில்ல.

எனக்குத் தொடையில் விரல்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. பேஸ் கிட்டார் அங்கே நாலு அடி இறங்க வேண்டும்.

அந்த அம்மா சாக்கை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"வீடு சேந்துட்டாரா?" என்றார். "நான் ஆத்தோட போயிட்டாருன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சேன். மழைக்கு ஆத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு எங்கம்மா அதைத்தான் எங்களுக்குச் சொல்லும்."

"இல்ல, சேந்துட்டேன்," என்றான் ஃபாரூக்.

"அந்தப் பொம்பள ஏசவும் இல்லையா?"

"ஏசல்ல."

தங்கச்சி இப்போது மடவளையில் இருக்கிறாள், போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா படியிறங்கிப் போனார். ரீலோட் வந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. மணியம் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார், வந்துவிட்டது என்று.

காரில் ஏறி மெனிக்ஹின்ன தாண்டும் வரைக்கும் ஃபாரூக்குக்குக் கண்ணாடியோடுதான் வேலை. கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடியும் கழற்றினான். திகனக்குக் கொஞ்சம் முன்னால் போனை எடுக்கச் சொன்னான்.

"அந்த லண்டன் தம்பிக்கு எழுது. நான் கையெழுத்து வெக்கிறேன். ஆனா யாருமே கேட்காத ஆல்பம்னு போட ஏலாது. ஆட்கள் கேட்டு வந்தாங்க, எங்கிட்டதான் சாமான் இல்லாமப் போச்சுன்னு போடச் செல்லு."

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.